மாடுகள் வரிசையில் நிற்கும் இடம்

பிப்ரவரியில் மோஹோஸ் சமவெளி
நிலமாக இருப்பதை நிறுத்திக்கொள்ளும்.
மமோரே ஆறு கரைபுரண்டு வருமென்று நினைத்திருந்தேன்.
அப்படியில்லை.
புல்லின் அடியிலிருந்து, ஓசையில்லாமல்,
வியர்வை அரும்புவதுபோல
தண்ணீர் ஏறும்.

அப்போது எலெயுதேரியோ முயிபா மேய்க்கும் மாடுகள்
நீரின் நடுவே வரிசையாக நிற்கும்,
யாரோ நூல் பிடித்து நிறுத்தியதுபோல.
ஒரு வரிசை.
பதினைந்து தப்படிக்கு வெறும் தண்ணீர்.
மறுபடி ஒரு வரிசை.

நான் விமானப் படத்தோடு வந்தவள்.
லா பாஸில், மூன்றாம் மாடியில்,
உருப்பெருக்கியின் கீழ்
இந்த வெளியைப் பதினோரு மாதம் பார்த்தவள்.
சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள்.
சீப்பு இழுத்த ஈரத்தலை என்று குறிப்பேட்டில் எழுதி
அடித்துவிட்டேன்.
அறிக்கையில் உவமைக்கு இடமில்லை.

“இங்கே பழைய பாத்திகள் இருக்கின்றன” என்றேன்.
எலெயுதேரியோ படத்தை வாங்கி
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
“மாடு நிற்கிற மேட்டைச் சொல்கிறீர்களா?
அதற்கு எதற்கு விமானம்?”

ஆகஸ்டில் துளைப்பானோடு திரும்பினோம்.
காய்ந்த வெளியில்
கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.
கால்தான் கண்டுபிடித்தது:
ஒரு சாண் ஏற்றம்,
ஒரு சாண் இறக்கம்.
கறையான்களுக்கும் தெரிந்திருந்தது.
புற்றுகளை மேட்டின் மேலேயே கட்டியிருந்தன.

ஒரு மீட்டர் மண்ணை உருவி
அரைக்குழாயில் படுக்கவைத்தோம்.
மேலே புல்வேர்.
அதன்கீழ் வெளிறிய வண்டல்.
அதற்கும் கீழே கறுப்பு: கரித்தூள், சாம்பல்,
நகத்தளவு சுட்ட மண்.
வாய்க்காலிலிருந்து கூடைகூடையாய் அள்ளி
யாரோ மேட்டில் கொட்டிய சேறு.

ஒரு பாத்திக்கு அறுபதாயிரம் கூடை என்று கணக்கிட்டேன்.
அன்றிரவு எனக்கு இடுப்பு வலித்தது.

மக்காச்சோளம் என்றது நுண்ணோக்கி.
மரவள்ளியா என்று கேட்டதற்கு
பதில் இல்லை.
மரவள்ளி தன் மகரந்தத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கும்.
கறுப்புக்கும் வெளிறலுக்கும் இடையே
நாலு விரற்கடை.
அந்த நாலு விரலுக்குள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.
கொள்ளைநோயா, போரா, மூன்று வருட வெள்ளமா,
மூன்று பத்தி எழுதினேன்.
ஒவ்வொன்றிலும் ‘இருக்கலாம்’ வந்தது.

எங்களுக்குச் சமைத்த எர்சிலியா நோசா
என் வயதுக்காரி.
அவள் குடும்பம் புனித மேட்டைத் தேடி
மூன்றுமுறை ஊர்விட்டு நடந்தது.
மண்குழாயை எட்டிப் பார்த்துவிட்டு,
மீன் உரசிக்கொண்டே சொன்னாள்:
“ஒரே நாளில் யாரும் போவதில்லை.
முதலில் வாய்க்காலைத் தூர்வாராமல் விடுவோம்.
அடுத்த மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்போம்.
அதற்கடுத்த மழைக்கும்
அதையே சொல்வோம்.”

வண்டலை மறுபடி விளக்கடியில் வைத்தேன்.
மயிரிழை மயிரிழையாய்ப் படிந்திருந்தது.
ஒவ்வோர் இழையும்
ஓர் ‘அடுத்த மழைக்குப் பிறகு’.
எண்ணினேன். பத்தொன்பது வரை வந்தது.
பிறகு இழைகள் கலங்கிவிட்டன, அல்லது என் கண்.

கிழக்குத் துண்டை நிலக்காரர்
நெல்லுக்குக் குத்தகை விட்டார்.
லேசர் வைத்த இயந்திரம் ஒன்பது நாளில்
மேட்டைப் பள்ளத்தில் தள்ளி
உள்ளங்கைபோல் ஆக்கியது.
கடிதம் எழுதினோம்.
வந்து சேர்ந்ததாகக் கையொப்பம் வந்தது.
நெல்லோ இரண்டு போகம்கூடத் தாங்கவில்லை.
குத்தகைக்காரர் போனார். மாடுகள் திரும்பின.

போன பிப்ரவரியில்
எலெயுதேரியோ கைபேசியில் ஒரு படம் அனுப்பினார்.
வயிறு முட்ட தண்ணீர்.
மாடுகள் சிதறி,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து நின்றன.
இரண்டைக் காணோம் என்று எழுதியிருந்தார்.
அதற்குக் கீழே, கொஞ்சம் இடம்விட்டு:

“அந்த விமானப் படம்
இன்னும் உங்களிடம் இருக்கிறதா?”